3 நிமிட ஆட்டத்தில் ஜெயிக்கும் செஸ் புரோகிராம்தான் பலசாலியா? 1998-ல் ஆனந்த் ஆடிய 8 ஆட்டங்கள் சொல்வது என்ன?

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் செல்போனில் செஸ் ஆடினால், பொன்னேரியில் தொடங்கும் 3 நிமிட ஆட்டம் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் முடிந்துவிடும். சிப்காட் ஷிஃப்டுக்குப் போய்வரும் நேரத்தில் நாலைந்து ஆட்டம் ஆடிவிடலாம்.

அந்த நாலைந்து ஆட்டத்தை வைத்து 'இந்த ஆப்தான் செம ஸ்ட்ராங்' என்று முடிவு கட்டலாமா? போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு அதையே பயிற்சிக்குக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு, சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் ஒருமுறை கம்ப்யூட்டருடன் மோதிய ஆட்டங்களில் நல்ல பாடம் இருக்கிறது.

ஆனந்துக்கு என்ன நடந்தது?

1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் 'ரெபெல் 10' என்ற செஸ் புரோகிராமுடன் ஆனந்த் 8 ஆட்டங்கள் ஆடினார். அப்போது அவர் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தார். 5-3 என்ற கணக்கில் ரெபெல் வென்றது.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. அந்த 8 ஆட்டங்களும் மூன்று விதமான நேரக் கணக்கில் நடந்தவை.

* 5 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 5 வினாடி: 4 ஆட்டங்கள். ரெபெல் 3, ஆனந்த் 1.
* தலா 15 நிமிடம்: 2 ஆட்டங்கள். ரெபெல் 1.5, ஆனந்த் 0.5.
* 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம் என்ற முழுநீள முறை: 2 ஆட்டங்கள். ஆனந்த் 1.5, ரெபெல் 0.5.

அதே மனிதர், அதே புரோகிராம். நேரம் கூடியதும் முடிவு தலைகீழாகிவிட்டது. வேக ஆட்டங்களை மட்டும் பார்த்தவருக்கு ரெபெல்தான் பலசாலி. முழுநீள ஆட்டங்களை மட்டும் பார்த்தவருக்கு ஆனந்த்தான்.

ஏன் இப்படி?

அவசரத்தில் மனிதர்களுக்குக் கண் தவறும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பிரச்சனை இல்லை. கிடைத்த சில வினாடிகளிலேயே லட்சக்கணக்கான நிலைகளை அலசிவிடும். நேரம் கிடைத்தால் இரண்டு தரப்புமே நன்றாக ஆடும். ஆனால் அந்தக் காலத்து புரோகிராம்களை விட ஆனந்த் போன்ற வீரருக்கு அந்தக் கூடுதல் நேரம் அதிகம் உதவியது.

சரி, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் மோதினால்?

இங்கே வேக ஆட்டத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: எண்ணிக்கை. 6 மணி நேரம் நீளும் ஒரு முழு ஆட்டத்துக்குப் பதிலாக, அதே நேரத்தில் அரை நிமிட ஆட்டங்களை சுமார் 700 நடத்திவிடலாம்.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? இரண்டு புரோகிராம்கள் 100 ஆட்டங்கள் ஆடி, அதில் பாதி டிராவில் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த முடிவில் இருந்து கணக்கிடும் பலத்தில், ரேட்டிங் அளவில் சுமார் 48 புள்ளி மேலேயோ கீழேயோ தவறு இருக்கலாம். 10,000 ஆட்டங்கள் ஆடினால் அந்தத் தவறு சுமார் 5 புள்ளியாகச் சுருங்கும். ஒரு துண்டைச் சோதித்துவிட்டு மொத்த லாட்டையும் பாஸ் செய்யக் கூடாது என்பது தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ரயிலில் ஆடிய நாலைந்து ஆட்டமும் அந்த ஒரு துண்டு மாதிரிதான்.

அதனால்தான், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய 'ஸ்டாக்ஃபிஷ்' புரோகிராமில் ஒரு மாற்றத்தைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு கட்டச் சோதனை நடக்கிறது. முதலில் தலா 10 வினாடி, நகர்த்தலுக்கு 0.1 வினாடி கூடுதல் என்ற கணக்கில் தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள். அதில் தேறினால் அடுத்து 60 வினாடி, கூடுதல் 0.6 வினாடி. வேக ஆட்டம் முதல் சல்லடை, நீண்ட ஆட்டம் இரண்டாவது சல்லடை.

அப்படியானால் எங்கே ஏமாற்றும்?

முதலாவது, இடைவெளி. நேரம் கூடும்போது இரண்டு புரோகிராம்களும் தவறுகளைக் குறைத்துக்கொள்வதால் டிராக்கள் பெருகும். வேக ஆட்டத்தில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் நீண்ட ஆட்டத்தில் சுருங்கிவிடும்.

இரண்டாவது, வேலை செய்யும் விதம். சில புரோகிராம்கள் வினாடிக்குக் கோடிக்கணக்கான நிலைகளைப் பார்க்கும். நியூரல் நெட்வொர்க்கை முழுமையாக நம்பும் சில புரோகிராம்கள் மிகக் குறைவான நிலைகளையே பார்த்தாலும் ஒவ்வொன்றையும் ஆழமாக எடைபோடும். இப்படி இரண்டு வகைகள் மோதும்போது, ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம், எந்தக் கம்ப்யூட்டர் என்பதே முடிவை மாற்றலாம்.

2017-ல் டீப்மைண்டின் 'ஆல்ஃபாஜீரோ' ஸ்டாக்ஃபிஷை 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று தோற்கடித்தபோது எழுந்த சர்ச்சையிலும் இது முக்கியமானது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரே மாதிரி 1 நிமிடம் கொடுத்தது நியாயமா என்று கேள்வி கேட்டார்கள். 2018-ல் வெளியான ஆய்வில் தலா 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 வினாடி கூடுதல் என்ற முறையில் 1,000 ஆட்டங்கள். ஆல்ஃபாஜீரோ 155-ல் வென்றது, 6-ல் தோற்றது, மற்றவை டிரா. வென்றது அதேதான். ஆனால் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல நீண்ட ஆட்டங்கள் தேவைப்பட்டன.

மனிதர்களுக்கும் இதே நியாயம்தான். கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் என மூன்று தனித்தனி ரேட்டிங்கை ஃபிடே வைத்திருக்கிறது.

செல்போனில் ஆடுபவர்கள் என்ன செய்யலாம்?

* இரண்டு ஆப்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே போனில், ஒரே தொடக்க நிலையில் இருந்து, வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி ஆடவிட வேண்டும்.
* வெயிலில் சூடான போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் புரோகிராமின் பலமும் குறையும். அந்தத் தோல்விக்கு ஆப்பைக் குறை சொல்ல முடியாது.
* பிள்ளை ஆடப்போவது ஒன்றரை மணி நேர ஆட்டம் என்றால், முடிந்த ஆட்டத்தை அலசும்போது புரோகிராமுக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். முதல் வினாடியில் 'தப்பு' என்று காட்டும் நகர்த்தலையே ஒரு நிமிடம் கழித்து 'சரி' என்று காட்டுவது உண்டு. அதற்குள் பிள்ளையைத் திட்டிவிடக் கூடாது.