மேல் மண்ணின் கருமை

ரப்பர் நிரைகளுக்கிடையே மண்வெட்டியால் சற்றுக் கிளறினால், மேல் மண் கருத்தும் கீழ் மண் சிவந்தோ மஞ்சளாகவோ இருப்பதைக் காண்போம். மக்கிய இலை, வேர், புழுக்கள் ஆகியவற்றின் எச்சமே அக்கருமைக்குக் காரணம். அதில் ஏறத்தாழப் பாதி கரிமமாகும்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு இலையாக்குகிறது. உதிர்ந்த இலை மக்கும்போது பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும்; எஞ்சியது களிமண்ணோடு ஒட்டிப் பல்லாண்டு தங்கும். காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் காட்டிலும் உலகின் மண்ணில் அதிகக் கரிமம் அடங்கியுள்ளது. அது வெளியேறினால் பூமியின் வெப்பம் கூடும்.

நம் தோட்டங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ஓயாத மழையில் கரைந்த நமது செம்மண்ணுக்கு உரச்சத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. மக்குப் பொருளே அப்பணியைச் செய்கிறது. அஃதின்றேல் நாம் தூவிய உரத்தில் பெரும்பங்கு ஓடையைத்தான் சேரும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தில் ஒரு புல்லும் தென்படலாகாது என்பது துரைமார்களின் கட்டளை. நம் முன்னோர், பெண்களும்கூட, நாள் முழுதும் குனிந்து களை சுரண்டினர். வெற்று நிலத்தின் மேல் மண்ணை மழை அடித்துச் சென்றது. அத்தனை உழைப்பும் மண்ணைக் கெடுக்கவே பயன்பட்டது வருந்தத்தக்கதே. பின்னரே பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய மூடு கொடிகள் பரவலாயின. அவரை இனத்தைச் சேர்ந்த இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. மரங்கள் நிழல் கட்டும்வரை கொடி நிலத்தைக் காக்கும். இளங்கன்றின் மீது ஏறினால் மட்டும் அறுத்து, அறுத்ததை அங்கேயே இடலாம்.

மறுநடவின்போது பழைய மரங்களைச் சாய்த்துத் தீயிடுவது முன்னாளில் வழக்கம். தீயில் கரிமமும் தழைச்சத்தும் புகையாகிவிடும். சாம்பலின் வளமோ சில மழைக்குள் தீரும். 1997இல் நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டத்தை நாம் மறக்கவில்லை. 1998இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, திறந்தவெளி எரிப்புக்குத் தடை வந்தது. இப்பொழுது நல்ல மரம் தளவாடங்களுக்குப் போகிறது; கிளைகளை நிரைகளுக்கிடையே அடுக்கி மக்கவிடலாம்.

ஆயினும் வெள்ளை வேர்நோய் கண்ட அடிக்கட்டையை அவ்வாறு விடலாகாது. அந்நோய்ப் பூஞ்சணம் மண்ணினூடே புதுக் கன்றின் வேருக்குத் தாவும். அத்தகைய மரத்தைக் கண்டால், சாய்ப்பதற்கு முன்னரே குறியிட்டு மண்டோரிடம் தெரிவிக்க வேண்டும்.