ஆல்பா துகள்களுக்கிடையே ‘பிணைப்பு’: அணுக்கரு அமைப்பில் ஒரு வேதியியல் ஒப்புமையும் அதன் எல்லையும்

முன்னுரை

அணுக்களை மூலக்கூறாக இணைப்பது மின்விசை. புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் அணுக்கருவாகச் சேர்ப்பது வலுமிக்க அணுக்கரு விசை. இவை வெவ்வேறானவை. ஆயினும் அணுக்கருவை மூலக்கூறு போலக் காணும் முயற்சிகள் உண்டு. 1938இல் ஹாஃப்ஸ்டாட், டெல்லர் ஆகியோர் விளக்கிய ஆல்பா துகள் மாதிரி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவ்வொப்புமை எதுவரை பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிணைப்புக் கணக்கு

இம்மாதிரியில் கார்பன்-12 மூன்று ஆல்பா துகள்களாலான முக்கோணம். ஆக்சிஜன்-16 நான்கு துகள்களாலான நான்முகி. இவற்றில் முறையே 3, 6 இணைப்புகள் உள்ளன. கார்பன்-12ஐ ஆல்பா துகள்களாகப் பிரிக்க 7.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை, ஆக்சிஜன்-16க்கு 14.44. ஓர் இணைப்புக்கு இரண்டிலும் ஏறத்தாழ 2.4 ஆகும். மக்னீசியம்-24ஐ 12 இணைப்புகள் கொண்ட எண்முகியாகக் கொண்டாலும் 2.37 கிடைக்கிறது. பிணைப்பு ஆற்றல்களைக் கூட்டி மூலக்கூறின் ஆற்றலை மதிப்பிடும் வேதியியல் முறையை இது நினைவூட்டுகிறது.

பெரிலியம் தரும் சோதனை

இக்கணக்கின்படி, இரு ஆல்பா துகள்களாலான பெரிலியம்-8 ஓர் இணைப்பால் 2.4 அலகு ஆற்றலுடன் நிலைத்திருக்க வேண்டும். உண்மையில் அது நிலைப்பதில்லை. இரு ஆல்பா துகள்களைவிட 0.09 அலகு மிகுந்த ஆற்றலுடையதாதலின் உடனே சிதைகிறது. ஆகவே 2.4 என்பது தனித்த இரு துகள்களுக்கிடையிலான பிணைப்பின் அளவன்று. அணுக்கரு விசை அண்டைத் துகள்களிடையே மட்டும் செயற்படுவதால், ஆல்பா துகள்கள் உருக்குலையாமல் உள்ளே இருப்பினும் இல்லாவிடினும், அண்மை எண்ணிக்கையோடு ஆற்றல் ஒத்துச்செல்லக்கூடும்.

எனினும், ஒரு நியூட்ரான் சேர்ந்தவுடன் பெரிலியம்-9 நிலைபெறுகிறது. இரு புரோட்டான்களை ஓர் எலக்ட்ரான் பிணைக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியோடு இது ஒப்பிடப்படுகிறது. இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1836 மடங்கு நிறையுடையது. எனவே புரோட்டான்களை அசையாதவையாகக் கொண்டு கணக்கிடலாம். ஆல்பா துகளோ நியூட்ரானைப் போல் நான்கு மடங்கே. ஆதலால் இரண்டின் இயக்கங்களையும் அவ்வாறு பிரித்தல் இயலாது.

முடிவுரை

ஆல்பா தொகுதிகளை முன்கூட்டியே கருதாத கணிப்புகளிலும் பெரிலியம் ஐசோடோப்புகளில் இருமைய அமைப்பு வெளிப்படுகிறது. ஆகவே ஒப்புமை வெறுங்கற்பனையன்று. ஆயினும் எண்களின் பொருத்தம் மட்டுமே பிணைப்புக்குச் சான்றாகாது. பொருந்தாத பெரிலியம்-8ஐயும் உடன்வைத்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.