கழித்துக் கட்டிய கம்ப்யூட்டருக்கு மறு உத்தியோகம்



ரயில்வேயில் 'கோடல் லைஃப்' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரு பெட்டி இத்தனை வருஷம்தான் ஓடலாம் என்று விதிப் புத்தகம் நிர்ணயிக்கும் ஆயுள் அது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பயணிகள் பெட்டிக்கு 25 வருஷம். அந்த 25 வருஷம் முடிந்த மறுநாள் பெட்டி உடைந்து விழுந்துவிடாது. ஆனால் அதன் பிறகு அதில் பயணிகளை ஏற்றினால், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது. அப்படிக் கழித்த பெட்டிகளில் உடம்பு உறுதியாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து, ஜன்னல்களை அடைத்து, கோடியில் அகலமான கதவு வைத்து, கார்களை ஏற்றிச் செல்லும் 'என்.எம்.ஜி.' வண்டிகளாக மாற்றுவது உண்டு. ஜனங்களைச் சுமந்தது சரக்கைச் சுமக்கும். வேலை மாறுகிறது, பெட்டி பிழைக்கிறது.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தே காலம் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பின் வைட்ஃபீல்டில், ரயில் சத்தம் காதில் விழும் தூரத்தில் வாசம். கம்ப்யூட்டர் என் தொழில் அல்ல. ஆனாலும் சென்ற ஆண்டு வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை 'என்.எம்.ஜி.' ஆக்கினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்த வேலை?

எங்கள் குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் கையடக்கமான ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. 2024-ல் ஒரு நாள் அதிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தது. சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, விரிசல் விட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்த காது இது. விஷயம் புரிந்துவிட்டது. தகவலை மீட்டுத் தருவதாகச் சொன்ன கடையில் பணம் போனது, படங்கள் வரவில்லை. பேரன் முதலடி எடுத்து வைத்தது, என் அண்ணா கடைசியாக எங்களோடு கொண்டாடிய பொங்கல் என்று மூன்று வருஷம் அப்படியே மறைந்துவிட்டது. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த சிலவற்றை அனுப்பினார்கள். அவையும் அளவு சுருங்கி மங்கியவை. என் மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. "இன்னொரு காப்பி எங்கேயும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் வீட்டுக்கென்று ஒரு 'சர்வர்' வைப்பது என்று முடிவு செய்தேன். சர்வர் என்றதும் நம் தலைமுறைக்கு 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'மும் நாகேஷும்தான் நினைவுக்கு வருவார்கள். இதுவும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. வீட்டில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, எல்லோருடைய கைபேசியிலிருந்தும் படங்களை வாங்கி வைத்து, வேண்டும்போது கொடுக்கும். அதற்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் ஏற்ற வேண்டும்.

'ஆதரவு இல்லை' என்றால் என்ன?

என்னிடம் இருந்தது 2009-ல் வாங்கிய கோர் 2 டூயோ கம்ப்யூட்டர். 4 ஜி.பி. நினைவகம், அதற்கு மேல் அந்த போர்டு ஏற்காது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017-க்குப் பின் வந்த பிராசஸரும் இருந்தால்தான் உண்டு என்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆக, என் பெட்டிக்கு கோடல் லைஃப் முடிந்தது.

வீட்டு சர்வர்களுக்கென்றே உள்ள இலவச மென்பொருள்களில் ஒன்று ட்ரூநாஸ். 2005-ல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் பிறந்தது. நல்ல சரக்கு, ஆனால் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் கேட்கிறது. என் பெட்டிக்கு எட்டாத உயரம். அதே ஃப்ரீநாஸில் வேலை செய்த ஜெர்மானியரான ஃபோல்கர் டைலே என்பவர் 2009-ல் தொடங்கிய 'ஓப்பன்மீடியாவால்ட்', 1 ஜி.பி.யிலேயே ஓடும். அது டெபியன் லினக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. டெபியன் 1993-ல் தொடங்கியது. நமக்கு அது அந்நியம் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' டெபியனின் வாரிசுதான். 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 'ஆதரவு இல்லை' என்பதற்கு 'ஓடாது' என்று அர்த்தம் இல்லை. 'ஓடினால் பொறுப்பு உன்னுடையது' என்று அர்த்தம். ரயில் கிளம்புமுன் பிரேக் பவர் சர்ட்டிஃபிகேட்டில் பரிசோதித்தவர் கையெழுத்திட வேண்டும். இங்கே அந்தப் பரிசோதகரும் நாமே.

முதலில் பரிசோதனை

மூடியைத் திறந்து தூசியை ஊதி எடுத்தேன். போர்டில் உள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்தேன். உப்பியிருந்தால் அந்த போர்டை விட்டுவிட வேண்டியதுதான். பிறகு 'மெம்டெஸ்ட்' என்ற நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். நினைவகத்தில் பிழை என்று சிவப்பு வரிகள் வந்தன. நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி பொருத்தினேன். மறு இரவு ஒரு பிழையும் இல்லை.

அடுத்தது டிஸ்க். மகன் கொடுத்துவிட்டுப் போன 2 டி.பி. டிஸ்க் ஒன்று இருந்தது. பார்வைக்குப் புதிது போல, வேகமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் உடல்நலக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. அதில் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் முக்கியம். முதலாவது, பழுதாகி மாற்று இடம் கொடுத்த பகுதிகளின் கணக்கு. இரண்டாவது, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகளின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. அந்த டிஸ்க்கில் 197-க்கு எதிரே பூஜ்யம் இல்லை. வெளியே தெரியாத விரிசல்! பார்க்காமல் போட்டிருந்தால் 2024-ல் நடந்ததே மறுபடியும் நடந்திருக்கும். அதைக் கழித்தேன்.

மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்கப்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோடுக்கு நடந்தேன். புதிதாக ஒரு 4 டி.பி. டிஸ்க்கும், சிஸ்டத்துக்கென்று சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கினேன். பழைய போர்டு 4 டி.பி.யை ஏற்குமா என்று பலரும் கேட்பார்கள். பழைய பயாஸும் பழைய பிரிவினை முறையும் ஒரு டிஸ்க்கில் சுமார் 429 கோடி பகுதிகளைத்தான் எண்ணும். பகுதிக்கு 512 பைட் வீதம் 2.2 டி.பி.யோடு கணக்கு நின்றுவிடும். ஆனால் கம்ப்யூட்டரைக் கிளப்பும் வேலையை எஸ்.எஸ்.டி.யிடம் விட்டுவிட்டால், பெரிய டிஸ்க்கை 'ஜி.பி.டி.' என்ற புதிய முறையில் பிரித்து லினக்ஸ் முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளும். எப்படியும் ஓப்பன்மீடியாவால்ட் தனக்கென்று ஒரு டிஸ்க்கைத் தனியாக எதிர்பார்ப்பதால் இந்த ஏற்பாடே சரி.

ஏற்றிய கதை

என் முதல் தவறு அவசரம். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்திருந்தது. புதியதே நல்லது என்று அதை ஏற்றிவிட்டு, மேலே ஓப்பன்மீடியாவால்ட் 7-ஐ வைக்கப் பார்த்தேன். சேரவில்லை. 7-ஆம் பதிப்பு டெபியன் 12-க்கென்று செய்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு குறிப்பிட்ட டெபியன்தான் ஜோடி. ஐ.சி.எஃப். பெட்டியின் திருகு இணைப்பையும் எல்.ஹெச்.பி. பெட்டியின் நடு இணைப்பானையும் நேராக மாட்ட முடியுமா? அந்தக் கதைதான். இரண்டு நாள் வீண்.

மறுபடி டெபியன் 12-ஐ எடுத்தேன். யு.எஸ்.பி. குச்சியில் எழுதி, பயாஸில் அதிலிருந்து கிளம்பச் சொல்லி, நிறுவும்போது டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம் என்று எல்லா டிக் குறிகளையும் எடுத்துவிட்டேன். 'எஸ்.எஸ்.எச்.' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். 2023-ல் வந்த இந்தப் பதிப்பு முதல், நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டதால், பழைய கார்டுக்காகத் தனியே அலைய வேண்டியிருக்கவில்லை. அதன் மேல் ஓப்பன்மீடியாவால்ட் 7 ஒழுங்காக உட்கார்ந்தது. அதன் பிறகு மானிட்டரும் கீபோர்டும் வேண்டாம். வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். முதல் வேலையாக, எல்லோருக்கும் தெரிந்த ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்து, மானிட்டரைக் கழற்றி, பெட்டியைப் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் மின்சாரம் போய் வந்தது, சர்வரைக் காணோம். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை மாற்றினேன். மாடி வீட்டு சாஃப்ட்வேர் தம்பி வந்து, "அங்கிள், முதல்ல மானிட்டரை மாட்டிப் பார்க்கலாமே" என்றார். மாட்டினோம். 'எஃப்1 விசையை அழுத்தவும்' என்று எழுதிக்கொண்டு அது பாட்டுக்குக் காத்திருந்தது! போர்டில் உள்ள சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், மின்சாரம் போகும்போதெல்லாம் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, அனுமதி கேட்டு நின்றிருக்கிறது. ஹோம் சிக்னல் விழாமல் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் வண்டி மாதிரி. சி.ஆர்.2032 பேட்டரி ஒன்றை மாற்றினோம். கூடவே, மின்சாரம் திரும்பியதும் தானே கிளம்பும்படி பயாஸில் வைத்தோம். இத்தனை பரிசோதனை செய்தவன், காசு குறைந்த சாமான் என்று அந்தப் பேட்டரியை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

இலவசம் இலவசமா?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் என் சர்வர் 58 வாட் இழுக்கிறது. இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 42 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 250 ரூபாய். 6 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சிறு கணினிக்கு 26 ரூபாய்தான் ஆகும். மூன்று வருஷத்தில் வித்தியாசம் 8,000 ரூபாய்க்கு மேல். ஆகவே நான் இரவு 11 மணிக்கு அணைத்துக் காலை 6 மணிக்குப் போடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மடிக்கணினி இருந்தால் அதுவே உத்தமம். மின்சாரம் குறைவு, அதன் பேட்டரியே சின்ன யு.பி.எஸ். மாதிரி. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றாமல் ஓட்டவே கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். புதிய மென்பொருள் சில, பழைய பிராசஸருக்குத் தெரியாத கட்டளைகளைக் கேட்கும். உதாரணமாக மாங்கோடிபி 5.0 முதல் 'ஏ.வி.எக்ஸ்.' கட்டாயம், அது 2011 முதல் வந்த பிராசஸர்களில்தான் உண்டு. இரண்டாவது, வெளியூரிலிருந்து படம் பார்க்கும் ஆசையில் ரவுட்டரின் கதவை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். டெபியன் 12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறுவதும் நம் பொறுப்பே.

கையெழுத்து

சர்வர் தயாரான பிறகும், படங்களை அதில் மட்டும் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரவும் கூடாது. அதே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றுபோல் எழுத வைத்தாலும், இடி விழுந்தாலோ தவறி அழித்தாலோ இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே சர்வரில் ஒன்று, அலமாரியில் தனி டிஸ்க்கில் ஒன்று, கோயம்புத்தூரில் மகள் வீட்டில் ஒன்று என்று மூன்று காப்பி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது டிஸ்க்கை மாற்றி எடுத்து வருகிறோம்.

கடைசிப் பரிசோதனையை மனைவியிடம் விட்டேன். மகள் கல்யாணப் படங்கள் உள்ள ஃபோல்டரை நானே சர்வரிலிருந்து அழித்தேன். அலமாரி டிஸ்க்கிலிருந்து திரும்ப ஏற்றினேன். அவள் கைபேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு" என்றாள். அந்த மூன்று வருஷம் மட்டும் இல்லை. அது இனி வராது. ஆனால் "இன்னொரு காப்பி இல்லையா?" என்று கேட்டால் சொல்ல இன்று பதில் இருக்கிறது. என் சர்ட்டிஃபிகேட்டில் அன்றுதான் கையெழுத்துப் போட்டேன்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் அன்பர்கள் சங்கக் கூட்டத்தில் சந்திக்கும்போது கேட்கலாம், தெரிந்ததைச் சொல்கிறேன். வரும்போது உங்கள் டிஸ்க்கின் 197-ஆம் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.