ரெம்டெசிவிருக்கு க்யூ... உயிரைக் காப்பாற்றியது எது?

2021 மே மாதத் தொடக்கம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வாங்க விடிய விடிய நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கா? ஆனால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு கொரோனாவில் உயிர் காக்கும் என்பது 2020 ஜூனிலேயே தெரிந்துவிட்டது.

எப்படி? 'இந்த மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு' என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. கொரோனா வந்த பெரும்பாலானவர்கள் தானாகவே தேறிவிடுவார்களே! அதனால், பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; இன்னொன்றுக்கு அதோடு மருந்தும். 28 நாள்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்ற 41 சதவிகிதம் பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் அது 29. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. காரணம், நோய் முற்றும்போது நுரையீரலைக் கெடுப்பது எல்லை மீறிய நம் எதிர்ப்பு சக்தி. ஸ்டீராய்டு அடக்குவது அதைத்தான். முதல் நாளே போட்டால், வைரஸோடு மோதும் படையின் கையைக் கட்டின மாதிரி.

ட்ரம்ப் கொண்டாடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்? அதே ஆய்வில், கொடுத்தவர்களில் 27 சதவிகிதம், கொடுக்காதவர்களில் 25 சதவிகித இறப்பு. வேலைக்கு ஆகவில்லை.

ரெம்டெசிவிர், அமெரிக்க ஆய்வில் குணமாகும் காலத்தை 15 நாள்களிலிருந்து 10 ஆகக் குறைத்தது. இறப்பைக் குறைப்பதை அந்த ஆய்வால் உறுதிசெய்ய முடியவில்லை.

டெக்ஸாவும் அப்பாவி அல்ல. ரத்தச் சர்க்கரையை எகிறவைக்கும். 2021-ல் இங்கே கறுப்புப் பூஞ்சை பரவியதற்கு, சர்க்கரை நோயோடு இஷ்டத்துக்கு எடுத்த ஸ்டீராய்டும் ஒரு காரணம் என்றார்கள் மருத்துவர்கள்.