நெஞ்சில் தொங்கும் ஊர்ப் பெயர்

மலையேறுகிறவர்கள் கயிறு மாட்டும் கொக்கியான ஒரு காரபைனரைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கதவை டிக், டிக் என்று திறந்து மூடியபடியே இதை எழுதுகிறேன். கீழே வைக்க மனசே வரவில்லை! இருப்பது 40 கிராம் சொச்சம். ஐரோப்பியத் தரவிதியோ குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டு டன் பாரம் தாங்கச் சொல்கிறது. அதுவும் கதவு சாத்தியிருந்தால்தான். திறந்திருந்தால் 7 கிலோநியூட்டன் தாங்கினால் போதுமாம். அந்த 'டிக்'குக்கு அவ்வளவு மதிப்பு!

இது பிறக்கும் விதம் இன்னும் அழகு. அலுமினியக் கம்பியைத் துண்டு போட்டு, வளைத்து, சூடாக அச்சில் வைத்து ஒரே அமுக்கு. பிசிறை வெட்டி, பீங்கான் கற்களோடு டிரம்மில் உருட்டோ உருட்டென்று உருட்டினால் கூர்முனை எல்லாம் மழுங்கிவிடும். பிறகு வலுவேற்றச் சூளை, வண்ணக் குளியல், கடைசியில் ஸ்பிரிங், கதவு, ரிவெட்.

என் கையிலிருப்பது பெட்ஸ்ல் குடும்பத்தின் சரக்கு. பிரான்ஸில் கிரெனோபிளுக்குப் பக்கத்தில் குரோல் என்றொரு ஊர். தலைக்கு மேலே 2,062 மீட்டர் சுண்ணாம்பு மலை, அதன் வயிற்றுக்குள் குகைகள். ஃபெர்னான்ட் பெட்ஸ்ல் அதற்குள்ளேதான் கிடந்தார். பியர் ஷெவாலியேவும் அவரும் சேர்ந்த குழு 1947-ல் 658 மீட்டர் ஆழம் தொட்டபோது, அன்றைக்கு அதுதான் உலக சாதனை! வேண்டிய கருவி கடையில் கிடைக்காது. கைவேலை தெரிந்த மனிதர், பட்டறையில் தானே செய்துகொண்டார். 1975-ல் மகன்களோடு கம்பெனி. இன்றும் அது குடும்பச் சொத்துதான்.

தலைவிளக்கையே பாருங்கள். முன்பெல்லாம் பேட்டரி இடுப்பில், விளக்கு தலையில், நடுவே எதிலாவது மாட்டிக்கொள்ளும் வயர். இரண்டையும் ஒரே எலாஸ்டிக் பட்டையில் கோத்துத் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இருட்டில் முட்டி தேயத் தவழ்ந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும்!

எனக்கு உயிர் அவர்களுடைய கிரிகிரி மேல். 1991-ல் வந்தது. மேலே ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே நிற்பவர் இதன் வழியாக விடுவார். மெல்ல இழுத்தால் கயிறு சமர்த்தாக ஓடும். மேலே இருப்பவர் கை நழுவி விழுந்தாரோ, வெடுக்கென்ற அந்த இழுப்பிலேயே உள்ளிருக்கும் உருளை திரும்பிக் கயிற்றை நெரித்துப் பிடித்துவிடும். காரின் சீட் பெல்ட் மாதிரி! அப்போதும் கீழே நிற்பவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது, அது சட்டம். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் கிரிகிரி என்றால் தாயத்து!

ஏறுகிறவர் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு சின்னக் கருவி உண்டு. கயிற்றில் மேலே வழுக்கும். கீழே ஒரு அங்குலம்கூட இறங்காது, பல் பதித்துக் கவ்விக்கொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் குரோல். ஆமாம், அந்த ஊரேதான்!