வரி எல்லோரிடமும், மானியம் மூட்டைக்கு மட்டும்

"விவசாயிதான் வரியே கட்டுறதில்லையே, அப்புறம் எதுக்கு மானியம் கேட்கிறீங்க?" என்று டவுனில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். கொஞ்ச நாளாக இன்னொரு பேச்சும் ஓடுகிறது. "தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தா 29 பைசாதான் திரும்பி வருது." இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், இயற்கை உழவர்களாகிய நம் பங்கு எங்கே போகிறது என்பது விளங்கும்.

முதலில், நாம் வரி கட்டுகிறோமா? விளைச்சல் வருமானத்துக்கு வருமான வரி இல்லைதான். ஆனால் கிணற்றிலிருந்து வயலுக்கு இழுக்கிற பி.வி.சி. குழாய்க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். கடைக்காரர் அவர் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வார். நெல்லுக்கும் காய்கறிக்கும் நாம் வரி போட்டு விற்பதில்லை என்பதால் நமக்கு அந்தக் கழிவு கிடையாது. கட்டினது கட்டினதுதான்.

டீசலை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு ஒன்றிய அரசின் வரி லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசாக இருந்தது. அதில் அடிப்படை கலால் வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மீதி 14 ரூபாய் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் வந்தது. அதிலும் 4 ரூபாய்க்கு 'வேளாண் உள்கட்டமைப்பு, மேம்பாட்டு செஸ்' என்று பெயர். பேரே நம்ம பேரு!

அரசியல் சட்டப்படி செஸ், கூடுதல் வரி இரண்டையும் ஒன்றிய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. பொதுப் பானையில் விழுந்தது அந்த 1 ரூபாய் 80 காசுதான். 15ஆவது நிதிக்குழு சொன்னபடி பானையில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. ஆக லிட்டருக்கு 15.80 வசூலானால், 28 மாநிலங்களும் சேர்ந்து பிரித்துக்கொள்ள வந்தது சுமார் 74 காசு.

இப்போது அந்த 29 பைசா. நான் இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போக மாட்டேன். ஒரு கம்பெனியின் தொழிற்சாலை இங்கே இருக்கும், தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கும், வருமான வரி மும்பைக் கணக்கில் ஏறும். எந்த மாநிலம் எவ்வளவு கொடுத்தது என்று துல்லியமாகப் பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் எவ்வளவு வருகிறது என்பதில் குழப்பம் இல்லை. மாநிலங்களுக்கான தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 12ஆவது நிதிக்குழுவில் 5.305 சதவீதம். 13ஆவதில் 4.969. 14ஆவதில் 4.023. 2021-26க்கான 15ஆவதில் 4.079. நம் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம்.

ஒரு சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? 2024-25 பட்ஜெட்டில் மாநிலங்களுக்கு ஒதுக்கிய வரிப்பங்கு சுமார் 12.47 லட்சம் கோடி. அதில் ஒரு சதவீதம் 12,000 கோடிக்கு மேல். அதே ஆண்டு மாநில வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்துக்கு ஒதுக்கியது 206 கோடி. 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை கொடுப்பதும் அதில் அடக்கம். தக்கைப்பூண்டு விதை வாங்கி விதைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வரிப்பங்காக வருகிற பணத்துக்கு நிபந்தனை கிடையாது. எந்த மண்ணுக்கு எது வேண்டும் என்று மாநிலம் முடிவு செய்யலாம், நாமும் பக்கத்தில் இருக்கிற அரசிடம் போய்க் கேட்கலாம். ஒன்றிய அரசு நேரடியாகச் செலவழிக்கிற பணம் அப்படியல்ல. எந்த உருவத்தில் வர வேண்டும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. உழவனைத் தேடி அது வரும் பெரிய உருவம் யூரியா மூட்டை.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். உண்மையில் அந்த மூட்டைக்கு ஆகும் செலவு சுமார் 2,200 ரூபாய் என்று ஒன்றிய அரசே 2023இல் சொன்னது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை போடுகிறவருக்கு அரசு கிட்டத்தட்ட 3,900 ரூபாய் கொடுக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டு, ஜீவாமிர்தம் கரைத்து ஊற்றுகிறவருக்கு அந்தக் கணக்கில் சைபர். குழாய்க்கும் டீசலுக்கும் இரண்டு பேரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

மொத்தமாகப் பார்த்தாலும் இதே கதைதான். 2025-26 பட்ஜெட்டில் உர மானியம் சுமார் 1.67 லட்சம் கோடி. 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு ஒன்றிய அரசின் பங்கு 1,584 கோடி. ஒரே ஒரு வருட உர மானியத்தோடு ஒப்பிட்டாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் தேறாது.

ஆகவே நமக்கு இரண்டு நஷ்டம். தமிழ்நாட்டுக்காரராக ஒன்று, மூட்டை வாங்காதவராக இன்னொன்று. முதல் நஷ்டத்தைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டாவதை நாம்தான் பேச வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பீகார் உழவருக்கு நம்மைவிட அதிகம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. மேட்டு வயலுக்கும் கடைமடைக்கும் தண்ணீர் பிரிக்கிறபோது, கடைமடைக்கு முறை வைத்து விடுவதுதான் நியாயம். வாய்க்காலில் வருகிற தண்ணீரில் ஒரு பகுதியை மடைக்கு வெளியே திருப்பிவிட்டு, மிச்சத்துக்கு நம்மையும் கடைமடைக்காரரையும் மோதவிடுவதுதான் அநியாயம். செஸ் அந்த வேலையைத்தான் செய்கிறது. பீகாருக்கும் அதில் பங்கு கிடையாது.

அப்படியானால் என்ன கேட்கலாம்?

முதலாவது, வேளாண்மை பெயரில் வாங்குகிற செஸ் பொதுப் பானைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, மானியம் மூட்டைக்கு இல்லாமல் ஏக்கருக்கு வரட்டும். யூரியா வாங்குவதா, எரு வாங்குவதா என்பதை உழவர் முடிவு செய்யட்டும். இது ஆகாத காரியமில்லை. 2023இல் வந்த பி.எம். பிரணாம் திட்டத்தில், ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தருவதாக ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டது. மிச்சப்படுத்திக் கொடுப்பவர் உழவர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவர் கைக்கும் வரட்டுமே.

மூன்றாவது, நிதிக்குழுவிடம் கேட்க வேண்டியது. 14ஆவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத மதிப்பு கொடுத்தது. 15ஆவது அதைக் காடு, சூழலியல் என்று 10 சதவீதமாக்கியது. காட்டைக் காப்பாற்றும் மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு சரி என்றால், மண்ணின் கரிமச்சத்தை ஏற்றும் மாநிலத்துக்கும் கூடுதல் பங்கு சரிதான். அப்படி ஒரு அளவுகோல் வந்தால், நம் வயலில் ஏறுகிற மண்வளம் மாநிலத்தின் வருமானமாகிவிடும். எந்த அரசு வந்தாலும் இயற்கை உழவரை ஒதுக்க முடியாது.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. நிதிக்குழு மாநிலத்துக்கு வரும்போது மனுக்கள் வாங்குகிறது. உரத் தட்டுப்பாடு பற்றி மனு கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். உரமே வாங்காதவரின் பங்கு என்ன ஆச்சு என்று கேட்க நாம்தான் போக வேண்டும். போகும்போது டீசல் பில்லையும் குழாய் வாங்கிய பில்லையும் கையோடு எடுத்துப் போங்கள். விவசாயி வரி கட்டுவதில்லை என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு உதவும்.