புத்தகக்குறிப் பட்டையும் அதனை ஒழுங்குசெய்யும் முறையும்

கற்றதனை நினைவில் இருத்துதல் ஒரு திறம்; கற்ற இடத்தை மறவாதிருத்தல் மற்றொரு திறம். பின்னது எளிதெனப் பலராலும் கருதப்படினும், மாணவர்க்கு மிகுந்த இடர் விளைப்பது அதுவே. "எங்கோ படித்தேன், எங்கே என்பது நினைவில்லை" என்னும் சொல் தேர்வு நெருங்கும் நாட்களில் விடுதிகளில் அடிக்கடி எழுவதாகும். முற்காலத்து மாணவர் இவ்விடர் நீங்கும்பொருட்டுப் புத்தகத்தினிடையே காகிதத் துண்டையோ, நூலிழையையோ, மயிலிறகையோ வைத்தனர். இக்காலத்து மாணவரோ பெரும்பாலும் கணினித் திரையிற் படிக்கின்றனர். அங்கே வைத்தற்குரிய அடையாளம் யாது, அதனை எவ்வாறு ஒழுங்குபட அமைப்பது என்பவற்றை ஈண்டுச் சுருங்க விளக்கக் கருதுகின்றோம்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் உலாவி எனப்படும். பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ், ஸபாரி என்பன அவ்வகையைச் சார்ந்தவை. ஒரு பக்கத்தின் முகவரியை உலாவி நமக்காக நினைவிற் கொள்ளும்படி இடும் குறிப்பே புத்தகக்குறி. மாணவர் வழக்கில் இது 'புக்மார்க்'. அக்குறிகளுள் வேண்டியவற்றை முகவரிக் கட்டத்தின் கீழே ஒரே வரிசையில், கண்ணிற் படும்படி நிறுத்துவது புத்தகக்குறிப் பட்டை.

இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1945ஆம் ஆண்டில் வன்னெவர் புஷ் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைப் பொறியை விவரித்தார். ஒருவன் தன் நூல்களையும் கடிதங்களையும் அதனுட் சேமித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சென்ற வழியையும் பதிந்து வைத்து, வேண்டியபோது அவ்வழியே மீண்டும் செல்லலாம் என்பது அவர் கருத்து. அப்பொறி உருப்பெறவில்லை. ஆயினும், டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்தபின் அவ்வாசை வேறு வடிவில் நிறைவேறலாயிற்று. 1993-இல் வெளிவந்த மொசைக் உலாவி 'ஹாட்லிஸ்ட்' என்னும் பெயரால் பக்கங்களைக் குறித்து வைக்க இடந்தந்தது. அடுத்து வந்த நெட்ஸ்கேப் 'புக்மார்க்' என்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 'பேவரிட்ஸ்' என்றது. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

இனி, பட்டையைத் தோன்றச் செய்யும் வகையைக் கூறுவோம். பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் ஆகிய மூன்றிலும் கண்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் விசைகளை ஒருங்கே அழுத்தினால் மறைந்திருந்த பட்டை வெளிப்படும். மீண்டும் அழுத்தினால் மறையும். மாக் கணினியில் கண்ட்ரோலுக்கு ஈடாகக் கமாண்ட் விசையை அழுத்தல் வேண்டும். பயர்பாக்ஸில் மேற்புறத்துக் கருவிப்பட்டையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்துவோமாயின், புத்தகக்குறிப் பட்டையை எப்போதும் காட்டுக, புதிய தாவலில் மட்டும் காட்டுக, ஒருபோதும் காட்டற்க என மூவகை விருப்பங்கள் கிடைக்கும். அடிக்கடி பயன்படுத்துவோர்க்கு முதலாவதும், படிக்கும்போது திரை அகன்றிருத்தலை விரும்புவோர்க்கு இரண்டாவதும் பொருந்தும்.

ஒரு பக்கத்தைப் பட்டையிற் சேர்ப்பதும் எளிதே. கண்ட்ரோலையும் டி விசையையும் அழுத்தினால் சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதிற் பெயரையும் இடத்தையும் குறித்தல் வேண்டும். அன்றி, முகவரிக்கு முன்னே காணப்படும் சிறு குறியைச் சுட்டியாற் பற்றி இழுத்துப் பட்டையில் விட்டாலும் அமையும். இடப்பட்ட குறிகளை இவ்வாறே இழுத்து முன்பின்னாக மாற்றலாம்.

ஈண்டே பலர் ஒழுங்கை இழக்கின்றனர். சேர்ப்பது எளிதாதலின் கண்டதையெல்லாம் சேர்க்கின்றனர். பட்டையோ ஒரு திரையின் அகலமே உடையது. இடம் நிரம்பியபின் எஞ்சியவை வலக்கோடியிலுள்ள இரட்டை அம்புக்குறியின் பின்னே ஒளிந்துகொள்கின்றன. ஒளிந்தவை மறக்கப்படுகின்றன, மறந்தவற்றை மறுபடியும் தேடிப் புதிதாய்க் குறிக்கின்றனர். ஆகவே, முதற்கண் அறியவேண்டிய விதி இது: பட்டை என்பது திரும்பத் திரும்பச் செல்லும் இடங்களுக்கு உரியது, இழக்க விரும்பாதவற்றையெல்லாம் குவித்துவைக்கும் அறையன்று. நாள்தோறும் அல்லது வாரந்தோறும் திறப்பனவே அங்கு நிற்கத் தக்கன. எப்போதோ வேண்டப்படுவன உள்ளேயிருக்கும் புத்தகக்குறித் தொகுப்பிற்குச் செல்லட்டும்.

நூலகவியலிற் புகழ்பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்றவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கியவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரது நேரம் வீணாகாமற் காத்தலைப் பற்றியது. பல்லாயிரம் நூல்களுக்குக் கூறிய அவ்விதி இருபது குறிகளைக் கொண்ட பட்டைக்கும் பொருந்தும். குறியைத் தேடும் நேரம் பக்கத்தையே புதிதாய்த் தேடும் நேரத்தை மிஞ்சுமாயின், அக்குறியாற் பயன் என்னை?

ஒழுங்குசெய்யும் முறை மூன்று படிகளையுடையது. முதலாவது, பகுத்தல். பட்டையின் வெற்றிடத்தில் வலப்பொத்தானை அழுத்தி 'போல்டர்' எனப்படும் கோப்புறையை உண்டாக்கலாம். அதற்குப் பெயரிடுகையில், பக்கம் எத்தகையது என்பதினும் அதனால் நாம் என்ன செய்யப்போகின்றோம் என்பதை நோக்குதல் நன்று. 'பலவகை' என்னும் பெயருடைய கோப்புறை விரைவிற் குப்பைக்கூடையாகும். 'இப்பருவப் பாடங்கள்', 'ஆய்வேடு', 'உதவித்தொகை' என்பன வேலையை நினைவூட்டும். இரண்டாவது, பெயர் சுருக்குதல். உலாவி தானாக இடும் தலைப்பு நீண்டிருக்கும். அதனைத் திருத்தி ஒன்றிரண்டு சொற்களில் அமைத்தல் வேண்டும். நன்கறிந்த தளமாயின் பெயரை முற்றும் நீக்கி அதன் சின்னத்தை மட்டும் நிறுத்தலாம். ஒரு பெயரின் இடத்திற் பல சின்னங்கள் அடங்கும். மூன்றாவது, களைதல். பருவந்தோறும் ஒருமுறை, கண்ட்ரோல், ஷிப்ட், ஓ என்னும் விசைகளால் தொகுப்பு முழுவதையும் திறந்து, பயனொழிந்தவற்றை நீக்குதல் நலம்.

இவ்வொழுங்கினால் நேரம் மட்டுமன்றிப் பொருளும் காக்கப்படுகின்றது. கட்டணம் செலுத்தும் தளத்தையும் வங்கித் தளத்தையும் ஒவ்வொரு முறையும் தேடுபொறியில் தேடிச் செல்வோர், ஓர் எழுத்து மாறிய முகவரியுடன் மெய்த்தளம்போலவே தோற்றும் பொய்த்தளத்தில் வீழ்தல் கூடும். அங்கே கடவுச்சொல்லைத் தட்டியோர் தந்தையார் அரிதிற் சேர்த்தனுப்பிய கட்டணத் தொகையை ஒரு நொடியில் இழப்பர். முகவரியை அலுவலகச் சுற்றறிக்கை முதலியவற்றோடு ஒருமுறை எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பார்த்து, அதனைப் பட்டையில் நிறுத்தி, பின்னர் எப்போதும் அவ்வாயில் வழியே நுழைவோர்க்கு இவ்வச்சம் மிகக் குறையும். ஆனால், முதலிற் குறித்ததே பொய்த்தளமாயின் பட்டை நாள்தோறும் அங்கேயே கொண்டுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

எச்சரிக்கைகள் சில உள. பலர்க்கும் பொதுவான கணினியில் தம் கணக்கைத் திறந்து ஒத்திசைப்போர், வெளியேறாது எழுந்து சென்றால், அவர்தம் குறிகளைப் பின்வருவோர் காண்பர். ஒத்திசைவைக் காப்புப்படி எனக் கருதுவதும் பிழை. ஒரு கருவியில் அழித்தது மற்றக் கருவிகளிலும் அழிந்துவிடும். ஆதலின், குறிகளை எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே வைத்தல் வேண்டும். அக்கோப்பினை வேறு உலாவியிலும் ஏற்றலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. புத்தகக்குறி பக்கத்தின் முகவரியையே வைத்திருக்கும், பக்கத்தை வைத்திராது. வீட்டை இடித்தபின் வீட்டெண்ணாற் பயனில்லை. யாகூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் தளத்தை 2009-இல் மூடியபோது அங்கிருந்த பக்கங்களுக்கு இட்ட குறிகளெல்லாம் வறிதாயின. மறைந்த பக்கங்களிற் பலவற்றை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் காப்பகம் சேமித்து வைத்துள்ளதேனும், எல்லாவற்றையும் அங்கே காண்டல் இயலாது. ஆகவே, ஆய்வுக்கு இன்றியமையாத பக்கமாயின் அதனைச் சேமித்து, ஆசிரியர் பெயர், தலைப்பு, பார்த்த நாள் ஆகியவற்றை ஏட்டிலும் குறித்துக்கொள்க.

புத்தகத்தில் வைத்த மயிலிறகு படித்துத் தராது. படிப்பு நின்ற இடத்தைக் காட்டும். புத்தகக்குறிப் பட்டையும் அத்தகையதே. குறிப்பன சிலவாகவும், அவை தெளிவாகவும், காலந்தோறும் களையப்பட்டனவாகவும் இருக்குமாயின், தேடலிற் கழியும் பொழுது கற்றலுக்கு மீளும். நம் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் இன்று ஒரு கால்மணி நேரம் ஒதுக்கித் தத்தம் பட்டையைச் சீர்செய்வாராயின், அதன் பயனை நாளையே காண்பர்.